கெட் மாஸ்டரும் வெண்கட்டியும்

"கேன் ஐ கெட் யூ எ கப் ஒஃப் டீ?" என்று அந்த வெள்ளைக்காரப் பெண் கேட்டபோது சபாரத்தினம் மாஸ்டருக்குத் தொண்டை வறண்டு கிடந்தது. ஏவன்டேலில் ரயில் ஏறி, நடுவில் இன்னொரு ரயில் மாறி, ஒடாஹுஹுவுக்கு வந்து சேர்ந்தவருக்கு ஒரு குடம் தேநீர் கொடுத்தாலும் இறங்கியிருக்கும்.

ஆனால் முதல் தடவை கேட்டவுடன் தலையாட்ட அவர் என்ன சாப்பாட்டுக்கு வழியில்லாதவரா?

"நோ, நோ, தேங்க் யூ" என்றார். மூன்றாம் முறை வற்புறுத்தும்போது, போனால் போகிறதென்று அரைக் கோப்பைக்கு இணங்குவதாக உத்தேசம்.

அவள் "ஓகே" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த அவர் மனைவி யோகராணியிடம் திரும்பினாள்.

"யெஸ் பிளீஸ். டூ சுகர்ஸ்" என்றாள் யோகராணி.

தேநீர் வந்தது. கூடவே இரண்டு பிஸ்கட்டும் வந்தன. மாஸ்டருக்கு மானமே போய்விட்டது.

"என்னப்பா, காணாததைக் கண்ட மாதிரி!"

"விடாய்க்குது, குடிக்கிறன். நீங்களும் ஓம் எண்டிருக்கலாம்தானே?"

"நான் தேத்தண்ணி குடிக்க வரேல்லை. படிப்பிக்க வந்தனான்."

அதுதான் விஷயம். யாழ்ப்பாணத்தில் காலமெல்லாம் இங்கிலிஷ் படிப்பித்தவர், ஆக்லாந்துக்கு வந்த நாள் முதலாக ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார். மறுபடியும் கரும்பலகைக்கு முன்னால் நிற்கவேண்டும், விரல் நுனியில் வெண்கட்டித் தூள் படவேண்டும் என்று மனுஷன் உருகிக்கொண்டிருந்தார். புதிதாக வந்து குடியேறியவர்களுக்கு இந்த மண்டபத்தில் இங்கிலிஷ் மாலை வகுப்புத் தொடங்குகிறார்கள், படிப்பிக்க விரும்புகிறவர்களும் படிக்க விரும்புகிறவர்களும் சனிக்கிழமை வரலாம் என்று கேள்விப்பட்டதும் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

வரிசையில் சமோவாக்காரரும் வியட்நாம்காரரும் காத்திருந்தார்கள். வருங்கால மாணவர்கள் அல்லவா? மாஸ்டர் எல்லோரையும் பார்த்துக் கருணையோடு சிரித்தார்.

வேலை கிடைக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. 'கெட்' என்ற ஒற்றைச் சொல்லை ஒரு தவணை முழுக்கப் படிப்பித்தவர் அவர். கிடைப்பதும் கெட், எழும்புவதும் கெட், பஸ்ஸில் ஏறுவதும் கெட், கலியாணம் கட்டுவதும் கெட், தொலைந்து போவதும் கெட். ஊரில் அவருக்குப் பெயரே கெட் மாஸ்டர்தான்.

உள்ளே மார்கரெட் என்ற அம்மையார் இருவரையும் ஒன்றாகவே உட்காரவைத்தார். வகுப்புக்குப் பொறுப்பு அவர்தான்.

"டிட் யூ கெட் ஹியர் ஆல்ரைட்?"

ஆகா! வந்து சேருதல் என்ற பொருளில் கெட். புத்தகத்தில் ஆயிரம் தரம் படித்தது, மொழிக்குச் சொந்தக்காரி வாயால் கேட்கும்போது தனி ருசிதான். மாஸ்டர் கண்ணை மூடி ரசித்தார்.

"யெஸ், பை டிரெயின்" என்றாள் யோகராணி. அவள் யாழ்ப்பாணத் தபாற்கந்தோரில் டெலிபோன் இணைப்புக் கொடுத்தவள். கேள்வியைக் காத்திருக்கவைத்துப் பழக்கமில்லை.

"ஹவ் ஆர் யூ கெட்டிங் ஒன் இன் ஆக்லாந்து?"

இது வேறு கெட். காலந்தள்ளுதலா, ஒத்துப்போதலா என்று மாஸ்டர் தரம்பிரித்து முடிப்பதற்குள் யோகராணி வாடகை, மழை, பக்கத்து வீட்டு நாய் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள்.

மார்கரெட் மாஸ்டர் பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, இங்கிலிஷ் தெரியுமா என்று கேட்டார்.

என்ன மரியாதை! என்ன உச்சரிப்பு! ஆனால் தன்னைத் தானே புகழ்வது அழகல்ல. "லிட்டில். வெரி லிட்டில்" என்று தலையைத் தாழ்த்தினார். ஊரில் இதைச் சொன்னால், "ஐயோ மாஸ்டர், நீங்களே இப்பிடிச் சொன்னால் நாங்கள் எங்கை போறது?" என்று சபையே பதறும்.

மார்கரெட் பதறவில்லை. பரிவோடு தலையசைத்தார்.

பணிவு போதவில்லை போலும். மாஸ்டர் இன்னும் கீழே இறங்கினார். "ஐ நோ நத்திங், மேடம். ஐ ஆம் ஒன்லி எ ஸ்டூடன்ட்."

மார்கரெட் மேசை லாச்சியிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். "வாட் இஸ் திஸ்?"

படம் காட்டிப் படிப்பிக்கும் முறை! சக ஆசிரியருக்குத் தன் உபகரணத்தைக் காட்டுகிறார் என்று நினைத்து மாஸ்டர் பாராட்டும் பாவனையில் புன்னகைத்தார்.

"அப்பிள்" என்றாள் யோகராணி.

கடைசியில், திங்கட்கிழமைகளில் வர முடியுமா என்று மார்கரெட் கேட்டார். உடனே ஒப்புக்கொண்டால் மதிப்பில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்றார் மாஸ்டர். கேட்டவர் "சரி" என்று எழுந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. "நீங்கள் இவ்வளவு வற்புறுத்துவதால் வருகிறேன்" என்று அவசரமாகச் சேர்த்தார். தான் எப்போது வற்புறுத்தினோம் என்று மார்கரெட்டுக்கு விளங்கவில்லை. யோகராணியைத் தனியே கூப்பிட்டு ஏதோ கேட்டார். "யெஸ்" என்றாள் அவள்.

"என்னவாம்?" என்றார் மாஸ்டர், வெளியே வந்ததும்.

"திங்கட்கிழமை எனக்கும் வர நேரமிருக்கோ எண்டு கேட்டவ. ஓம் எண்டனான். மிச்சத்தைப் போனிலை சொல்லுவினமாம்."

"கேட்டதெல்லாத்துக்கும் ஓம் எண்டுறதோ? உமக்கு இந்த நாட்டு நடப்பு விளங்காது!"

வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டு ஜெயாவின் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். ஈப்போவிலிருந்து வந்த கலகலப்பான பெண். மறுநாள் மத்தியானம் வேலிக்கு மேலால் அவள் குரல் கேட்டது. "மாஸ்டர்! ஓடி வாங்க, ஒடாஹுஹுலேந்து போன்!"

மாஸ்டர் ஓடினார். பின்னாலேயே யோகராணியும் போனாள். ஜெயா ரிசீவரை நீட்டினால் மாஸ்டர் வாங்கமாட்டேன் என்றார்.

"நீயே கதை பிள்ளை. நான் அந்தரப்பட்டு நிக்கிறன் எண்டு நினைக்கப்போகினம்."

ஜெயா கேட்டுக்கொண்டே முகம் மலர்ந்தாள். "உங்களுக்கு எடம் கெடச்சிருச்சு மாஸ்டர்! நாளைக்கு சாயங்காலமே வரணுமாம்!"

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீரே? பணிவுக்கு எந்த நாட்டிலையும் மரியாதை இருக்கு. பிள்ளை, வெண்கட்டி நான் கொண்டு வரவேணுமோ எண்டு ஒருக்கால் கேள்."

"வெண்கட்டின்னா?"

"போர்ட்டிலை எழுதுறது."

"ஓ, சாக்பீஸா!" ஜெயா கேட்டாள். நீண்ட பதில் வந்தது. அவள் யோகராணியைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மாஸ்டர், வெண்கட்டிய அக்காதான் கொண்டு வரணுமாம். நீங்க பென்சில் கொண்டு வந்தா போதுமாம்."