தளைதட்டியும் அணைந்த குத்துவிளக்கும்

கோயம்புத்தூரில் தமிழ்க் கவிதையைக் கண்டாலே யாராவது ஓட்டமெடுத்தால், அதற்கு முழுக் காரணம் தளைதட்டி என்கிற ஒரே ஆள்தான். இல்லையென்று வாதாட வருகிறவர்கள் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்ததில்லை. நான் உட்கார்ந்து தொலைத்தேன்.

தொண்ணூறுகளில் கணபதிப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை. வாடிக்கையாளர் புகார்களைக் கேட்பது அவர் வேலை. வெண்பாவில் ஒரு சீர் அடுத்த சீரோடு இலக்கணப்படி சேராவிட்டால் தளை தட்டுகிறது என்பார்கள். இந்த மனிதருக்கு எதை வாசித்தாலும் தட்டும். மேஜையில் விரலால் தாளம் போட்டுப் பார்த்து, "தளை தட்டுதுங்க" என்று உதட்டைப் பிதுக்குவார். முதலாளியின் அப்பா இறந்தபோது, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் முன்னால் நின்று, பாட்டில் மோனை இல்லை என்று முதலாளியிடமே துக்கம் விசாரித்தவர். அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்தே போய்விட்டது.

ஒருமுறை தாராபுரத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மோட்டார் பொணமாட்டக் கிடக்கிறது, கரும்பு காய்கிறது என்று கத்தினார். நம் ஆள் முகம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பொணமாட்டன்னு சொன்னா உவமைங்க. மோட்டாரே பொணம்னு சொல்லிப்போட்டா உருவகம். நீங்க எதுங்க சொல்றீங்க?"

விவசாயி செருப்பைக் கழற்றப் போனார். நான்தான் குறுக்கே விழுந்து, மெக்கானிக்கை அனுப்பி வைத்தேன்.

இப்படிப்பட்டவரை யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்களா? என் கல்யாணத்துக்கு நான் கூப்பிடவில்லை. ஆனால் எங்கள் பக்கம் கல்யாணமென்றால், கூட வேலை செய்கிறவர்கள் வாழ்த்து மடல் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் மைக் பிடித்து வாசித்தே தீர வேண்டும். மனிதர் அந்தக் கண்ணாடிச் சட்டத்தை அணைத்துக்கொண்டு காரமடை மண்டபத்துக்கு எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

எனக்கோ பெண்ணின் தாய்மாமன் மேலேயே கண். பெண்ணுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். தோட்டம் துரவு இல்லாத குமாஸ்தாவுக்குப் பெண் கொடுப்பதில் அவருக்கு இஷ்டமே இல்லை. இந்தப் பெண்ணை விட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று நானும் பிடிவாதமாக இருந்த நேரம்.

தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசி வாங்கிக்கொண்டிருந்தார்கள். எவனோ ஒரு புண்ணியவான் பெடஸ்டல் ஃபேனை மணவறைப் பக்கம் திருப்பினான். குத்துவிளக்கு மொத்தமாக அணைந்தது. அபசகுனம் என்று மண்டபம் முணுமுணுத்தது.

தாய்மாமன் எழுந்தார். "இது செரிப்படாதுங்க. கொஞ்சம் யோசிக்கோணும்" என்றார். அவர் எதற்காகக் காத்திருந்தாரோ அது கிடைத்துவிட்டது.

அப்போது மைக் கரகரத்தது. தளைதட்டி!

"ஏனுங்க மாமா, வெளக்கு மேல தப்பில்லீங்க. அது அம்மணி மொகத்தப் பாத்துச்சுங்க. இத்தன வெளிச்சம் இருக்கறப்ப நமக்கு இங்க என்ன வேலைன்னு வெக்கப்பட்டுக் கண்ண மூடிக்கிச்சுங்க."

தலை குனிந்திருந்த பெண் சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து அவள் அம்மா சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. முறைத்துக்கொண்டு நின்ற தாய்மாமன் கடைசியில் தீப்பெட்டி கேட்டார். தானே குனிந்து விளக்கை ஏற்றினார்.

அத்தோடு அந்த மனிதர் மைக்கை வைத்திருக்கலாம் அல்லவா? வைப்பாரா! தானாக நடக்கிற ஒன்றின் மேல் கவிஞன் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி என்று பாடமே நடத்த ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கும் எங்கள் கல்யாண கேசட்டில், நான் தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கு மேலாக அணியிலக்கணம்தான் கேட்கிறது. என் மனைவி அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பாள்.

ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான சத்தியமங்கலத்துக்கே போகிறேன் என்றார் தளைதட்டி. ஒழிந்தது சனியன் என்று காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பவில்லை. டிரைவர் சாவியைத் திருகத் திருக, உறுமிவிட்டு அடங்கியது. பேட்டரி போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

நான் ஜன்னலோரம் போய், "ஏனுங்ணா, உங்களக் கூட்டிட்டுப் போக பஸ்ஸுக்கு மனசில்லீங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டார்.

"தளை தட்டுதுங்க" என்றார். "ஆனா அணி செரிங்க."

கண்டக்டர் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார். நானும் பின்னால் போய்க் கை வைத்தேன். தள்ளவில்லை.