மணவறையை இழுத்துப்போன பிக்கப்

கைபேசியில் பதினொரு காணொளிகள் பார்த்தவளுக்கு வரும் தைரியம், முப்பது வருடம் டீசல் இன்ஜினில் கைவைத்தவருக்கு வராது. எனக்கு வந்தது. அதுவும் தங்கை கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்தது.

எங்கள் ஊர் புக்கிட் காத்திலில் கல்யாண மேடை அலங்காரத் தொழிலை நான் தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கிருந்ததெல்லாம் ஒரு பழைய டீசல் பிக்கப், அதன் பின்னால் மாட்டி இழுக்க ஒரு டிரெய்லர், கூடமாட உதவிக்கு மல்லிகா அக்கா. பிக்கப் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பத்து வருடம் உழைத்துவிட்டு என்னிடம் வந்தது. மெதுவாகப் போகும். ஆனால் போகும். அதோடு நான் விட்டிருக்கலாம்.

விடாததற்குக் காரணம் மாப்பிள்ளையின் அம்மா, ராஜம்மா அத்தை. மகன் பிடிவாதம் பிடித்ததால் சம்மதித்தவர். என் தங்கை தேன்மொழியை ஒருநாளும் மருமகள் என்று சொன்னதில்லை. "அந்தப் பொண்ணு" என்பார். நிச்சயதார்த்தத்துக்கு நான் போட்ட மேடையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றார். தேன்மொழி குளியலறைக்குள் போய் அழுதாள். நான் அழவில்லை, சபதம் எடுத்தேன். (எங்கள் குடும்பத்தில் அழுகிறவர்களால் யாருக்கும் ஆபத்து இல்லை. சபதம் எடுப்பவர்களால்தான்.)

மணவறையைப் பார்த்து அத்தை வாயடைத்துப் போக வேண்டும். இரும்புச் சட்டத்தில் நான்கு தூண், மேலே கோபுரம் மாதிரி கூரை, உச்சிமுதல் அடிவரை மல்லிகையும் ரோஜாவும். கல்யாணம் செலண்டார் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். முதல்நாள் அங்கே வேறொரு நிகழ்ச்சி என்பதால் காலையில்தான் உள்ளே விடுவார்கள். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. வீட்டிலேயே பூ முழுவதும் கட்டி, மணவறையை அப்படியே டிரெய்லரில் நிற்கவைத்து இழுத்துப்போய், அங்கே இறக்கினால் முடிந்தது.

"இந்த எடைய பிக்கப் இழுக்குமாண்ணே?" என்று பட்டறை வைத்திருக்கும் அந்தோணி அண்ணனிடம் கேட்டேன்.

"இழுக்கும்லா. மெதுவா போனா இன்னும் பத்து வருசத்துக்கு இழுக்கும்."

"வேகமா இழுக்கணும்ணே. டியூனிங் பண்ணிடலாமா?"

அவர் பானட்டைத் திறந்து, டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயான ஹோஸைக் கிள்ளிக் காட்டினார். "இன்ஜின் தாங்கும் தங்கச்சி. அத சுத்தி இருக்கிற பழைய சாமான் தாங்குமா? இது எப்படி காஞ்சு கெடக்கு பாரு. மொதல்ல இத மாத்து."

நான் மாற்றவில்லை. ஹோஸ் மாற்றியதை யாரிடம் போய்ப் பெருமையாகச் சொல்வது? மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்து டியூனிங் செய்யும் ஒருவரைக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் ஏதோ தட்டினார். இன்ஜினுக்கு இனி டீசலும் கூடுதல், காற்றழுத்தமும் கூடுதல். "இனிமே பறக்கும்க்கா," என்றார். பறந்தது. டிரெய்லர் மாட்டாமல் ஓட்டிப் பார்த்தபோது அருமையாகப் பறந்தது. (பாரம் இழுக்கச் செய்த டியூனிங்கைப் பாரம் இல்லாமல் சோதித்த மேதை நான்.)

கல்யாணத்தன்று காலை ஆறரைக்குக் கிளம்பினோம். முகூர்த்தம் ஒன்பதுக்குமேல். மல்லிகா அக்கா பிக்கப்பின் பின்தட்டில் மணவறையைப் பார்த்தபடி உட்கார்ந்து, அது ஆடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பாதி வழியில் இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் ஒரு நீண்ட ஏற்றம். என் டியூனிங்கின் அருமையை அத்தைக்கு இல்லாவிட்டாலும் செம்பனைக்காவது காட்டலாமென்று மிதித்தேன்.

டப் என்றது. பிறகு விசில் சத்தம். வண்டி பலமெல்லாம் இறங்கி ஊர்ந்தது, பின்னால் கரும்புகை.

அந்தோணி அண்ணனை போனில் கூப்பிட்டேன். "ஹோஸ் கிழிஞ்சிருச்சு," என்றார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே சொன்னார். "காத்தெல்லாம் வெளிய போகுது. ரெண்டாவது கியர்லயே உருட்டிட்டு போ. மிதிக்காத. மிதிச்சா இன்ஜினும் போயிரும்."

உருட்டினேன். நடந்து போகிறவர் எங்களை முந்திவிடும் வேகம். நான்கு சிக்னல் விளக்குகளும் மினுங்க, சாலையோரமாகப் போனேன். மேடை இல்லாத மண்டபத்தில் அத்தை கால்வைக்கும் காட்சியும், தேன்மொழியின் முகமும் கண்முன் வந்து வந்து போயின.

ஒரு சின்னப் பட்டணத்தைக் கடக்கும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. சாப்பாட்டுக் கடையில் ஒரு மலாய்ப் பெரியவர் எழுந்து நின்றார். சீனக் கடைக்காரர் ஒருவர் இரும்புக் கதவைப் பாதி இறக்கினார். பின்னால் ஒரு கார்கூட முந்தவில்லை. வரிசையாக, விளக்கைப் போட்டுக்கொண்டு, மெதுவாக வந்தன. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மனிதர் முன்னால் போய், முச்சந்தியில் மற்ற வண்டிகளை நிறுத்தி எனக்கு வழிவிட்டார்.

கண்ணாடியில் பார்த்தேன். பூவால் மூடிய கூரையோடு ஒரு வண்டி. அதன் முன்னால், புகையில் எரியும் கண்களை முந்தானையால் துடைத்துத் துடைத்து விசும்பும் மல்லிகா அக்கா. எனக்கே ஒரு கணம் கைகூப்பத் தோன்றியது.

"அக்கா, அழாதீங்க," என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"நான் எங்க அழுவுறேன்? புகை பாப்பா," என்றவர் இன்னும் அழுத்தித் துடைத்தார். பின்னாலிருந்த காரில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

அந்த வரிசையில் மூன்றாவது வண்டி, பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டு வேன். அது எனக்குத் தெரியாது, என் வண்டியை அவர்களும் பார்த்ததில்லை. வேனுக்குள் பெரிய விவாதமாம். பிணம் எதிரே வந்தால் நல்ல சகுனம், சரி. முன்னால் போனால்? யாருக்கும் தெரியவில்லை. முந்திப்போவது மரியாதை இல்லை என்று மட்டும் எல்லாரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எட்டே முக்காலுக்கு நான் கல்யாண மண்டபத்துச் சந்தில் திரும்பினேன். அந்த வேனுக்குள் பேச்சு நின்றது அப்போதுதான்.

நான் வண்டியை நிறுத்துவதற்குள் பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது. ராஜம்மா அத்தை பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கூடவே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும், கையில் சீர்த்தட்டோடு, அழுதபடி.

"என் மருமகளுக்கு என்ன ஆச்சு? யாராச்சும் சொல்லுங்களேன், என் மருமகளுக்கு என்ன ஆச்சு?"

நாதஸ்வரம் நின்றுவிட்டது. சத்தம் கேட்டுத் தேன்மொழி பாதி அலங்காரத்தில், ஒரு காதில் மட்டும் தோட்டோடு வாசலுக்கு வந்தாள். அத்தை அவளைக் கட்டிப்பிடித்தார். முகம், தோள், கை என்று தடவித் தடவிப் பார்த்தார். "நீ நல்லாதானே இருக்கே? நல்லாதானே இருக்கே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தேன்மொழி அவர் தோளில் சாய்ந்து அழுதாள். இந்தத் தடவை குளியலறை தேவைப்படவில்லை.

நானும் அழுதேன். சபதத்தை எல்லாம் மறந்துவிட்டு, ஸ்டீரிங்கில் தலைவைத்து நன்றாக அழுதேன்.

மணவறையைப் பத்துப் பேர் சேர்ந்து இறக்கினார்கள். முன்பக்க மல்லிகையெல்லாம் புகைபட்டுச் சாம்பல் நிறத்தில் இருந்தது. அத்தை அதை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. தங்கையின் கையை விட்டால்தானே பார்ப்பதற்கு? முகூர்த்தம் தப்பவில்லை. வழியில் எங்களோடு சேர்ந்து வந்த இரண்டு குடும்பங்கள், யார் வீட்டு இழவு என்று தெரியாமலே வந்தவர்கள், கடைசியில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுப் போனார்கள்.

ஹோஸ் அடுத்த வாரமே புதிதாயிற்று. டியூனிங்கைப் பழையபடி மாற்றச் சொன்னபோது, "அது போதுமா, இல்ல பாடைக்கு ஏத்த மாதிரி செட் பண்ணவா?" என்று அந்தோணி அண்ணன் கேட்டார். அந்தப் பிக்கப் இன்றும் ஓடுகிறது. மெதுவாக.

கல்யாண ஆல்பத்தைப் புரட்டும் ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பெண் வீட்டார் அழுவது வழக்கம், இதில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஏன் மை கலைந்து, மூக்கு சிவந்து நிற்கிறார்கள்? தேன்மொழி என்னைப் பார்ப்பாள். நான் தரையைப் பார்ப்பேன். ராஜம்மா அத்தை பேரனுக்குச் சோறு ஊட்டியபடியே, தலையை நிமிர்த்தாமல் சொல்வார்: "என் மருமக செத்துட்டான்னு அவ அக்கா ஊர் பூரா ஊர்வலம் விட்டா. அழாம என்ன பண்றது?"