தாடையில் கட்டிய வெள்ளைத் துணி

செத்துக் கிடப்பதில் எனக்கு முன் அனுபவம் உண்டு. ஒரு டீ ஆறும் நேரம்தான். ஆனாலும் அனுபவம் அனுபவம்தானே.

கடைவாய்ப்பல் ஒன்று போன பள்ளத்தில், வேலூரில் ஒரு டாக்டரம்மா புதுப்பல்லுக்காக ஸ்க்ரூ முடுக்கினார். தாடையெலும்பு கம்மி என்று ஏதோ எலும்புத்தூளையும் போட்டு அடைத்துத் தைத்தார். (யாருடைய எலும்பு என்று நான் கேட்கவில்லை. தோல் பதனிடும் ஊர்க்காரன் சில கேள்விகளைக் கேட்பதில்லை.) பிறகு விதிகள். பஞ்சைக் கடித்தபடியே இருக்க வேண்டும். துப்பக் கூடாது, உறிஞ்சக் கூடாது, நாக்கால் துழாவக் கூடாது. சூடாக எதுவும் ஆகாது. கன்னத்தில் ஐஸ் வைத்து வைத்து எடுக்க வேண்டும். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும்.

"முக்கியமா, இன்னைக்கு வாயத் திறந்து பேசாதீங்க சார். தையல் விட்டு ஸ்க்ரூ ஆடிடுச்சுன்னா, மறுபடியும் முதல்லேருந்துதான்."

மறுபடியும் முதலிலிருந்தா! அந்த டிரில் ஆம்பூர் வரும்வரை பஸ்ஸிலும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே வந்தது. வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன். (கவிதை எழுதுகிறவன் வாயை மூடுவதை வீட்டில் கொண்டாடினார்கள்.)

ஐஸ் பையைப் பிடித்துப் பிடித்து விரல்கள் விறைத்தன. மூளை வேலை செய்தது. பழைய வேட்டியைக் கிழித்து, ஐஸைக் கன்னத்தில் பொருத்தி, தாடைக்கடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டேன்.

"இன்னாங்க இது? பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. அவுருங்க" என்றாள் மனைவி கோமதி. கையை ஆட்டி அவளை விரட்டினேன்.

அன்று பார்த்து கரண்ட் இல்லை. மழை மூட்டத்தில் முன்னறை இருண்டிருந்தது. தோல் பதனிடும் பக்கமிருந்து காற்று திரும்பி, குமட்டியது. குமட்டினால் தையல் என்னாவது? கோமதி தலைமாட்டில் ஊதுவத்தி கொளுத்திவிட்டு, கதவைத் திறந்துபோட்டு, மோர் வாங்கப் போனாள். நான் தெற்கே தலைவைத்து, கழுத்துவரை வெள்ளைப் போர்வையோடு, மாத்திரை மயக்கத்தில் கிடந்தேன். இதெல்லாம் சேர்ந்தால் என்ன தோற்றம் வரும் என்று எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுச் செல்வியக்காவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. தெருவில் யார் செத்துப்போனாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாய் கட்டுவது, கால் கட்டுவது எல்லாம் அவர் கை. ஷிப்ட் முடிந்து கோமதியைத் தேடி வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா தம்பி, சொல்லாமக்கொள்ளாம போய்ட்ட? காலைல நல்லாத்தானே பஸ் ஏறுன? பல்லுக்கா உசுர வுடுவாங்க?"

அரைக்கண்ணால் பார்த்தேன். அவர் கை என் கன்னத்துக்கு வந்தது. தொட்டது கண்ணுக்குத் தெரிந்தது, கன்னத்துக்குத் தெரியவில்லை. மரத்துப்போக வைத்த ஊசி இன்னும் இறங்கவில்லை. என் கையைத் தொட்டார். ஐஸ் பிடித்த கை.

"சில்லுனு ஆய்டுச்சே."

பிறகு, மிகுந்த மரியாதையோடு, என் இமைகளை மூடினார்.

இருட்டு. ஊதுவத்தி மணம். உதடு இல்லை, கன்னம் இல்லை, பாதி நாக்கு இல்லை. ஒருவேளை இப்படித்தான் இருக்குமோ? அந்த நாற்காலியிலேயே எல்லாம் முடிந்து, பஸ்ஸேறி வந்தது வெறும் பழக்கதோஷமோ? கண்டக்டர்கூட, துணைக்கு வந்த கோமதியிடம்தான் பேசினார். என்னைப் பார்க்கவே இல்லை.

"நல்ல மனுசன். எழுதுனதுதான் ஒரு எழவும் புரியாது" என்றபடி செல்வியக்கா என் காலடிக்கு நகர்ந்தார்.

கைப்பையிலிருந்து கம்பெனி நூலை எடுத்திருக்கிறார். ஷூ தைக்கிற நைலான். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரே இறுக்கு. வலித்தது. வலிக்கிறது என்றால் இருக்கிறேன்! அந்தச் சந்தோஷத்தில் சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். ரத்தம் ஊறிய பஞ்சு உதட்டோரம் தொங்கியது.

செல்வியக்கா கத்தவில்லை. "படுத்துக்க தம்பி" என்று கெஞ்சினார். "சொன்னா கேளு, படுத்துக்கப்பா."

உயிரோடிருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் ஸ்க்ரூ போச்சு. ஆகவே இரண்டு கைகளையும் நீட்டி விளக்கினேன். (இப்போது யோசித்தால், அது விளக்கம் மாதிரி இருந்திருக்காது.) அவர் ஓடினார். நிறுத்தலாமென்று நானும் எழுந்து பாய்ந்தேன், கட்டிய காலோடு. தரை என் முகத்தை நோக்கி வந்தது. தாடையைத் திருப்பி முழங்கையைக் கொடுத்தேன். உள்ளே ஏதோ முறிகிற சத்தம். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

வாசலில் மோரோடு வந்த கோமதி, "ஐயோ அக்கா, அவரு உசுரோடதான் இருக்காரு!" என்று அவரைப் பிடித்தாள்.

"அதான்டி பேஜாரே!"

மறுநாள் டாக்டரம்மா வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "தையல் அப்படியே இருக்கு. சொன்னத அழகா கேட்டிருக்கீங்க." பிறகுதான் மாவுக்கட்டைக் கவனித்தார். "கைல என்ன சார்?"

பல் நிலைத்துவிட்டது. செல்வியக்காவின் நம்பிக்கைதான் ஆடிப்போனது. இப்போதெல்லாம் தெருவில் யார் போனாலும், காலைக் கட்டுமுன் காதருகே குனிந்து கேட்கிறார்: "பல்லு வெச்சிக்கினு வந்தியா?" அந்தக் கணம் அழுகை நின்று, வீடே பதிலுக்குக் காத்திருக்கும்.

மத்தியானம் நான் கண்ணயர்ந்தால் கோமதியும் சிரித்துக்கொண்டே அதைத்தான் கேட்கிறாள். பதில் வரக் கொஞ்சம் தாமதமானால், எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.