படத்தில் வந்தவர் நீங்கள் இல்லை, மச்சான்

யாங்கோன்,
12-11-2003

வியாசர்பாடியில் இருக்கும் மரியாதைக்குரிய மைத்துனர் மாரிச்சாமி அவர்களுக்கு, தங்கள் வீட்டு மாப்பிள்ளை நல்லையா வணக்கத்துடன் எழுதுவது. நானும் தங்கள் தங்கை கமலாட்சியும் கல்யாணப் பெண் பவானியும் நலம். தங்கள் முழங்கால் வலி குறைய முருகனை வேண்டுகிறோம்.

தெருவே தங்களைப் பார்த்துச் சிரிக்கும்படி நான் செய்துவிட்டதாக யாரோ சொன்னதைக் கேட்டு, பவானி கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று எழுதிவிட்டீர்கள். தாய்மாமன் இல்லாமல் என்ன கல்யாணம்? கமலாட்சி மூன்று நாளாக எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. நடந்தது இதுதான். ரமேஷ்குமார் தன் டீக்கடையில் ஓர் இங்கிலீஷ் சிரிப்புப் படம் போட்டான். பிரிட்டிஷ்காரர்கள் டிவியில் வருஷக்கணக்காக ஓடிய தொடராம், அதையே படமாக்கிவிட்டார்களாம். இந்த ஊர் வழக்கப்படி மரியாதைக்கு "ஊ" சேர்த்து, "ஊ நல்லையா, ஹார்பர் ஆபீஸ்ல இங்கிலீஷ் எழுதினவரு நீங்க. கூடவே நின்னு தமிழ்ல சொல்லிடுங்க" என்று என்னை நாற்காலிமேல் ஏற்றிவிட்டான். முப்பது வருஷமாக நான் எழுதிய இங்கிலீஷ் "அரிசி, ஐம்பது மூட்டை, சரி" என்பது மட்டும்தான் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? படத்தில் வருகிறவர்களோ வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோலப் பேசுகிறார்கள். அந்த நேரம் பார்த்து மீசை வைத்த குண்டு மனிதர் ஒருவர் குழாயை ரிப்பேர் செய்யப்போய், மாடியிலிருந்து தொட்டியோடு கீழே விழுந்தார். என் வாய் சும்மா இருக்கக் கூடாதா? "இவரு வீட்டுக்காரியோட அண்ணன். நாலு நாள் தங்க வந்தவரு, நாலு மாசமாச்சு" என்று சொல்லிவிட்டேன். கடையே அதிர்ந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை மச்சான்! தாங்கள் முன்பு இங்கே வந்து தங்கியபோது எங்கள் தண்ணீர்ப் பம்பைக் கழற்றியது, கீழ்வீட்டு சைதாவின் கட்டில் மிதந்தது, எல்லாம் தானாக வந்து விழுந்தது. பாதியில் கரண்டு போனது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "டிவி கெடக்குது, நீங்க சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். அறுபத்து நாலு வயதில் முதல் தடவையாக ஒரு கூட்டம் என் பேச்சுக்குச் சிரித்தது, அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஆனால் தங்கள் பெயரை நான் சொல்லவே இல்லை. தங்களை இந்தத் தெருவில் ஒருவருக்கும் நினைவுகூட இல்லை. தைரியமாக வாருங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம்.

வாசலைப் பார்த்தபடி,
நல்லையா

பி.கு.: கமலாட்சி கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "பொய் எழுதாதீங்க. கடையில அண்ணன் பேரைக் கத்தினதே நான்தான். சிரிச்சுச் சிரிச்சு அடக்க முடியல" என்கிறாள். ஆகையால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தங்களை வரவேற்க விமான நிலையத்துக்குத் தெருக்காரர்கள் லாரி பேசியிருக்கிறார்கள். ஸ்பேனரோடு இறங்குங்கள், இல்லாவிட்டால் நீங்கள்தான் என்று நம்ப மாட்டார்கள்.