தென்காசியிலிருந்து வந்த சாமி

பொய் சொல்லலாம். காலால் நிரூபித்துக் காட்ட வேண்டிய பொய்யை மட்டும் சொல்லக் கூடாது.

நானும் மனைவியும் பிரிந்தபின் மகள் யாழினி அம்மாவுடன் சென்னைக்குப் போய்விட்டாள். பாளையங்கோட்டையில் நான், ஒரு அலமாரி புத்தகம், வாரம் ஒரு போன். "சாப்டியாம்மா?" "சாப்டேன்பா." அவ்வளவுதான். (கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர்கூட இதைவிட நீளமாகப் பேசுவார்.) பதின்மூன்று வயதில் ஒருநாள், தினமும் காலையில் ஓடுவதாகச் சொன்னாள். பேச்சு அறுந்துவிடுமே என்ற பதற்றத்தில், "நானும்தான்!" என்றேன். பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடாதவன் நான்.

"அப்போ பொங்கலுக்கு வர்றப்ப சேர்ந்து ஓடலாம்பா. ஜாலியா இருக்கும்."

அவள் இருக்கப்போவது மூன்று காலைகள். ஜோடியாக டிராக் சூட் வாங்கப் போனேன். ஊர் ஊராகப் பச்சை உடுத்தித் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை கிளம்பும் நேரம் அது. கடையில் இருவர் அளவுக்கும் கிடைத்த ஒரே நிறம் பச்சை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

முதல் நாள் விடிகாலையில் திருச்செந்தூர் சாலையில் இறங்கினோம். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். இரண்டாம் நிமிடம் முதுகாகத் தெரிந்தாள். ஐந்தாம் நிமிடம் புள்ளி. திரும்பிப் பார்க்கவே இல்லை. ஓர் அன்னதானப் பந்தலின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நுரையீரலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"உக்காருங்க சாமி," என்று நாற்காலி போட்டார் பந்தல்கார அண்ணாச்சி. "எங்கேருந்து வாரிய?"

மூச்சு இல்லை. பின்பக்கம் கையைக் காட்டினேன்.

"தென்காசியா?"

(தலையை ஆட்டாமல் இருந்திருக்கலாம்.)

"ஏலே, தென்காசிச் சாமிக்கு எண்ணெய் கொண்டாங்கலே! ஷூ போட்டுட்டா நடந்திய? முருகா!"

கழற்றிவிட்டார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தேய்த்தார்கள். "அம்பது கிலோமீட்டருக்கு மேல நடந்த காலு வே. ஒரு கொப்புளம் கெடையாது!" கூட்டம் கூடியது. ஓர் அம்மா என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த ஒரு கிலோமீட்டர் பாதத்தை எங்கே ஒளிப்பது?

அப்போதுதான் யாழினி திரும்பி வந்தாள். அவள் பார்த்தது: நெற்றி நிறையத் திருநீறு, கையில் பொங்கல், கால்கள் அடுத்தவர் மடியில். அப்பா.

"அப்பா, என்னப்பா பண்றீங்க?"

"ஒங்க அப்பாவா பாப்பா? எத்தன நாளா நடக்காவ?"

அவளுக்குப் பொய் வராது. "இன்னைக்குக் காலைலதான் கெளம்பினோம் அங்கிள்."

பந்தலே கன்னத்தில் போட்டுக்கொண்டது. "தென்காசியில இருந்தா! ஒரே காலையில!"

யாழினி என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. சிரிப்பை விழுங்கப் பார்த்து, முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுப் பக்கம் திரும்ப வழியில்லை. "தனியாப் போவாதிய" என்று ஒரு குழுவோடு சேர்த்துக் கிழக்கே அனுப்பிவைத்தார்கள். ஷூ கையில். கிருஷ்ணாபுரம் வரை வெறுங்காலோடு நடந்தேன். யாழினி பாட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே வந்தாள்.

"நீங்க தினமும் ஓடவே இல்லல்லப்பா?"

"இல்ல."

"தெரியும். ஷூ அடியில ஸ்டிக்கர்கூடக் கிழிக்கல."

பிறகு தோழிகள், கணக்கு டீச்சர், அம்மாவின் புது வேலை என்று பேசிக்கொண்டே வந்தாள். அன்று எங்களுக்கிடையில் யாரும் சாப்பாட்டை விசாரிக்கவில்லை.

பேருந்தில் திரும்பியபோது உள்ளங்கால் முழுக்க நிஜக் கொப்புளம். மிச்சமிருந்த இரண்டு காலைகளும் அவள் தனியாக ஓடினாள். நான் கட்டிலில் கிடந்து, கேட் திறக்கும் சத்தத்தைக் கேட்டேன்.

ஐந்து வருடமாகிறது. சென்னை வீட்டுக்குள் இதுவரை நான் போனதில்லை. போன வாரம் போன் செய்தபோது அவள் அம்மா எடுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தது மட்டும் கேட்டது:

"ஏட்டி, தென்காசிச் சாமி லைன்ல இருக்காவ!"

அந்த வீட்டுக்குள் இரண்டு பேரும் சிரித்தார்கள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.