இரண்டு மணி நேரக் கெடு

நூற்றுக்கு முப்பத்தொன்று! நம்மவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முப்பத்தொன்றேதான்.

வேலையை விட்டுவிட்டு, மூன்று வருஷம் பின்னறையில் அடைந்து கிடந்து, தன்னந்தனியாக அவர் செய்த வீடியோ கேம். இணையக் கடையில் விற்பனைக்கு வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாங்கிய நூறு பேரில் முப்பத்தொரு பேர் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் விளையாடுவதற்குள் பிடிக்கவில்லை என்றால் முழுப் பணமும் வாபஸ்; அந்தக் கடையின் சட்டம் அப்படி.

மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. அதுவும் திருப்பிக் கொடுக்கிற கவுண்டரில். காலரை ஒரு தரம் தடவினாலே போதும், சட்டை எத்தனை நாள் ஊர் சுற்றியது என்று சொல்லிவிடுவாள்.

“மாசக் கடைசிக்குள்ள இது பத்துக்குக் கீழ வரணும். இல்லேன்னா பழைய ஆபீசுக்குக் கிளம்புங்க.”

“வந்துட்டா?”

“அந்த ஆபீஸ் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

பழைய ஆபீஸ் என்றாலே நம்மவருக்கு ஆகாது. உட்கார்ந்து யோசித்தார். மறுநாளே விளையாட்டின் தொடக்கத்தில், அரண்மனைக்குள் போக, நீளமான ஒரு பாதையைச் சேர்த்தார். நடந்து முடிக்க இரண்டு மணி நேரம் ஐந்து நிமிஷம்.

“அந்தப் பாதைல என்ன இருக்கு?”

“ஒண்ணுமே இல்ல! ஒண்ணுமே இல்லாததை யாரு குறை சொல்ல முடியும்? நல்லா இருக்கா இல்லையான்னு தெரியறதுக்குள்ள கெடு முடிஞ்சிடும்!”

“நீங்க சோதிச்சுப் பாக்கணும்னாலும் ரெண்டு மணி நேரம் நடக்கணுமா?”

“நான் என்ன மடையனா? இடது பக்கம் தூணுக்குப் பின்னால சின்னக் கதவு இருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“ஓஹோ,” என்றுவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

அன்றைக்கு நாற்பது. நம்மவர் கண்ணாடியை மறுபடி துடைத்தார். அடுத்த நாள் இருபது. அப்புறம் பன்னிரண்டு. மாசக் கடைசியில் நாலு! அடேயப்பா, நமக்கு இவ்வளவு மூளையா என்று தன்னைத் தானே வியந்துகொண்டு, வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் படிக்க உட்கார்ந்தார்.

‘அந்த அம்மா எழுதினதுக்காகவே வாங்கினேன்.’ ‘அந்த அம்மா சொன்னது சரிதான், கேம் அருமை.’

எந்த அம்மா? பதறிப்போய்த் தன் விற்பனைப் பக்கத்தைத் திறந்தார். உச்சியிலேயே, அவருடைய கணக்கிலிருந்தே போட்ட ஒரு குறிப்பு இருந்தது:

‘தொடக்கத்தில் வரும் பாதை, என் வீட்டுக்காரர் உங்களை ஏமாற்ற வைத்தது. இடது பக்கம் தூணுக்குப் பின்னால் கதவு இருக்கிறது. அதற்கப்புறம் நிஜமாகவே நன்றாக இருக்கும். மூன்று வருஷம் கூட இருந்து பார்த்தவள் சொல்கிறேன். பிடிக்காவிட்டால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.’

“பாஸ்வேர்டு எப்படித் தெரிஞ்சுது உனக்கு?”

“என் பிறந்த நாள்தானே? வருஷத்துல ஒரு தரம் ஞாபகம் வராது, தினமும் மட்டும் தட்டுவீங்க.”

“திருப்பிக் கொடுங்கன்னு நீயே சொன்னா, எல்லாரும் கொடுத்துட மாட்டாங்களா?”

“கவுண்டர்ல தினம் பாக்கறேனே. திருப்பி வாங்கிக்க மாட்டோம்னு சொல்லிப் பாருங்க, அன்னிக்கே மூட்டை கட்டிட்டு வந்து நிப்பாங்க. எப்ப வேணா திருப்பிக் கொண்டு வாங்கன்னு சொன்னா, பீரோவுல வெச்சுட்டு மறந்துடுவாங்க. சரி, ஆபீஸ் பேச்சு இனிமே இல்ல. போய் அடுத்த கேமைப் பண்ணுங்க.”

நம்மவருக்குப் புல்லரித்தது. இப்படி ஒரு மேதையா இத்தனை வருஷம் நம்மோடு குடித்தனம் நடத்துகிறாள்!

“இவ்வளவு தெரிஞ்சவ, என்னை மட்டும் எப்படித் திருப்பிக் கொடுக்காம வெச்சுக்கிட்ட?”

“முதல் தடவை பாத்தப்போ ரெண்டு மணி நேரம் நீங்க வாயே திறக்கலையே. அதுக்குள்ள கெடு முடிஞ்சு போச்சு.”