பெண் பார்க்க வந்தவர்களுக்குப் போட்ட கொரியப் படம்

கொரியத் திரில்லர் படங்கள் பார்க்கத் தகுந்தவை என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. யாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்கிறோம் என்பதில்தான் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்.

மரக்காணத்தில் உப்பளம் சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகத்திலிருந்து 2004இல் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள், அல்லது பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார்கள். நான் புதுச்சேரியில் ஒரு டிவிடி கடையில் போய் விழுந்தேன். கடைக்காரர் முதலில் கொடுத்ததே ஒரு கொரியப் படம். மழை, சேறு, ஒரு பிணம், அதைச் சுற்றி என்ன செய்வதென்று தெரியாத போலீஸ்காரர்கள். நம் படங்களில் போலீஸ் கடைசியில் வரும். கொரியப் படங்களில் முதலிலேயே வந்து எல்லாவற்றையும் தப்பாகச் செய்யும். கோப்புகளுக்கு நடுவே ஆயுளைக் கழித்தவனுக்கு இதைவிட உண்மையான சினிமா கிடையாது. மகஜர் எழுதாமல் கத்தியைக் கைப்பற்றுவார்கள். சாட்சி இல்லாமல் வாக்குமூலம் வாங்குவார்கள். நான் சோபாவில் சாய்ந்தபடி ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபம் தெரிவிப்பேன். (எதிர்ப்பு வராத இடத்தில் ஆட்சேபம் தெரிவிப்பது தனி சுகம்.)

இந்தப் படங்களுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. கொலைகாரன் உங்களையும் என்னையும் போலவே இருப்பான். வாசல் பெருக்குவான், பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்வான். இந்த விசேஷம்தான் என்னைக் கவிழ்த்தது.

2005 ஐப்பசியில் என் மகள் தேன்மொழியைப் பெண் பார்க்க பிரம்மதேசத்திலிருந்து வந்தார்கள். அதற்கு முன் வந்த வரன்கள் என்னால்தான் ஓடிப்போயின என்பது என் மனைவி பத்மாவின் தீர்ப்பு. (பையனின் பட்டச் சான்றிதழுக்கு அட்டெஸ்டட் நகல் கேட்டேன். கேட்கக் கூடாதாம்.) ஆனால் இந்தப் பையன் சரவணனின் போட்டோவை மட்டும் தேன்மொழி தரகரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்டால், "எங்கியோ வச்சிட்டேன்பா" என்றாள். அவள் எதையும் எங்கேயோ வைக்கிற பெண் இல்லை.

"இன்னிக்கு நீங்க வாயே தொறக்கக் கூடாது. இதுவும் போச்சுன்னா அவ மனசு வுட்டுப் போயிடும்" என்றாள் பத்மா. ஒப்புக்கொண்டேன்.

பையனும் அவன் அப்பா தணிகாசலமும் அத்தையும் வந்தார்கள். தணிகாசலம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயி, அதிகம் பேசாதவர். அத்தை இருவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். பெண்ணைப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்து மழை கொட்ட ஆரம்பித்தது. அவர்கள் வந்த வேனின் டிரைவர் ஓடி வந்தார்.

"ஓடைத் தண்ணி ரோட்டு மேல போவுதுங்க. வண்டி எறங்காது."

மறுபடி உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடிக்கலாம். சம்மதம் சொல்லாமல் அந்த வீட்டில் இலை போட்டுச் சாப்பிடக் கூடாது. கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். உள்ளே சாம்பார் கொதிக்கிறது, வெளியே மூன்று பேர் பசியோடு தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேபிள் டிவி மழையில் போய்விட்டது. நானோ பேசக் கூடாது.

எனவே ஒரு படம் போட்டேன். அட்டையில் அப்பா, அம்மா, மகள் மூவரும் சிரித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "குடும்பப் படம் சார்" என்றுதான் கடைக்காரரும் கொடுத்தார். எந்தப் படத்தையும் நான் முழுதாகப் பார்க்காமல் பிறருக்குப் போட்டதில்லை. அன்று நடைமுறையை மீறினேன்.

கடலோரக் கிராமம். ஒரு வீடு. பெண் பார்க்க ஒருவன் வருகிறான்.

"அட, நம்ம கதையாட்டமே இருக்குதே!" என்றார் தணிகாசலம். அவர் சிரித்தது அப்போதுதான். "கீழ எழுத்து ஓடுதே, இன்னா போட்டிருக்குது? படிச்சுச் சொல்லுங்க."

விருந்தாளி கேட்டால் மறுக்க முடியுமா? ஆங்கில வரிகளைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பெண்ணின் அப்பா வந்தவனுக்குச் சூப் கொடுத்தார். அடுத்த காட்சியில் வாசலில் அவன் செருப்பு மட்டும் கிடந்தது.

"பையன் எங்கங்க?" என்றார் அத்தை.

"தெரியலை. போலீஸ் வருது. பெண்ணோட அப்பா ரொம்ப ஒத்துழைப்புக் கொடுக்கிறார். சட்டமெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கார்."

"இன்னா வேலை பார்த்தாராம்?"

"ரிடையர்டு கவர்மெண்ட் ஆபீசர்."

பொய் சொல்லியிருக்கலாம். மொழிபெயர்ப்பாளனுக்கும் தர்மம் இருக்கிறதே என்று நினைத்துத் தொலைத்தேன். இரண்டாவது மாப்பிள்ளை வந்தான், சூப் குடித்தான், சாய்ந்தான். அந்த நாட்டில் காய்கறியை உப்புப் போட்டு வைக்க ஆள் உயர ஜாடிகள் கொல்லையில் நிற்கும். அப்பா ஒரு ஜாடியைத் திறந்தார். பக்கத்தில் மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு. ஒரு மூட்டையைப் பிரித்துச் சாவகாசமாகக் கொட்டினார்.

கரண்ட் போய்விட்டது.

அரை இருட்டில் எல்லோர் முகமும் ஜன்னல் பக்கம் திரும்பியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உப்பளம். மழைக்காக ஓலை வேய்ந்த உப்புக் குவியல்கள் ஆள் உயரத்துக்கு வரிசையாக நின்றன.

"அது இன்னாங்க, ஓலை போட்டு மூடி வச்சிருக்கீங்க?" என்றார் அத்தை.

"உப்பு."

"உள்ள?"

"உள்ளேயும் உப்புதான்." அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவர் சந்தேகம் தீரட்டும் என்று விளக்கினேன். "மழைக்காலம் முடியற வரைக்கும் குவியலைப் பிரிக்க மாட்டாங்கம்மா. உள்ளே எதை வச்சாலும் யாருக்கும் தெரியாது. கெட்டும் போகாது."

பத்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னொரு வாட்டி காபி கொண்டாரட்டுங்களா?"

"வேணாம்!" என்று அத்தையும் தணிகாசலமும் ஒரே குரலில் சொன்னார்கள்.

தணிகாசலம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "நாங்க வண்டியிலயே குந்திக்கிறோம்." அத்தை ஏற்கெனவே வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பத்மா என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த மேல்முறையீட்டிலும் நிவாரணம் கிடையாது.

அப்போது தேன்மொழி வந்தாள். பட்டுப் புடவையோடு, கையில் ஒரு வாழை இலை. கூடத்தின் நடுவில் அதை விரித்தாள், சோறு போட்டாள், சாம்பாரை ஊற்றினாள், உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

"அடியே, இன்னாடி இது!" என்றாள் பத்மா.

"பசிக்குதும்மா. அவங்களுக்குப் பயமா இருந்தா நானே முதல்ல சாப்பிட்டுக் காட்டறேன்."

அதுவரை வாயைத் திறக்காத சரவணன் சிரித்துவிட்டான். நேராக வந்து அவளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "எனக்கும் ஒரு இலை போடுங்க."

"டேய் சரவணா! கை நனைக்காதடா!" என்று வாசலிலிருந்து கத்தினார் அத்தை.

சோறு வந்தது. பிசைந்தான். "நனைச்சிட்டேன் அத்தை."

தணிகாசலம் மகனைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், சாம்பாரைப் பார்த்தார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். "வுடும்மா, ஆனது ஆயிடுச்சு. எனக்கும் போடச் சொல்லு." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் எங்களோடவே உட்காருங்க. அதே பாத்திரத்துல இருந்து" என்றார்.

தையில் கல்யாணம். தாரை வார்க்கிற நேரத்தில், ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, தணிகாசலம் என் காதருகே குனிந்தார். சீர்வரிசையில் ஏதோ குறை என்று நினைத்தேன்.

"கரண்ட் போச்சே அன்னைக்கு, அந்த ஆளு கடைசியில மாட்டினானா?"

மீதியை நான் மறுநாளே பார்த்திருந்தேன். "மாட்டலை. கொரியப் படத்துல பெரும்பாலும் மாட்ட மாட்டாங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நிமிர்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவர் தன் உறவுக்காரர்களுக்கு என்னை அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான். தோளில் கை போடுவார், முகத்தில் சிரிப்பே இருக்காது.

"இவர்தான் எங்க சம்பந்தி. இன்னும் மாட்டலை."